4 போய் 12 வந்தாச்சு, அடுத்து 24-ஆ? அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் பிளே-ஆஃப் சண்டையில் யார் பக்கம் நியாயம்?

ஐபிஎல்-ல 10 அணிகள். லீக் சுற்று முடிஞ்சதும் 4 அணிகள் பிளே-ஆஃபுக்குப் போகும். அந்த 4 பேர் யார்னு பாயின்ட்ஸ் டேபிளே சொல்லிடும். புள்ளிகள் சமமா இருந்தா நெட் ரன் ரேட். யாரும் அறைக்குள்ள உட்கார்ந்து முடிவு பண்ண வேண்டியதில்லை.

இப்போ இதை யோசிச்சுப் பாருங்க. மொத்தம் 130-க்கும் மேற்பட்ட அணிகள். ஒவ்வொரு அணிக்கும் சீசன்ல 12 ஆட்டம்தான். பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று சந்திக்கவே போவதில்லை. ஒரு அணி பலமான எதிரிகளோட மோதி 10 ஆட்டம் ஜெயிக்குது. இன்னொரு அணி கொஞ்சம் எளிதான எதிரிகளோட மோதி 12 ஆட்டமும் ஜெயிக்குது. இதில் யார் பெரியவர்? யாரை பிளே-ஆஃபுக்கு அனுப்புவீங்க?

அமெரிக்காவின் காலேஜ் ஃபுட்பால் பல பத்தாண்டுகளாகத் திணறிக்கொண்டிருப்பது இந்தக் கேள்வியில்தான். (நாம் சொல்லும் கால்பந்து இல்லை இது. ஹெல்மெட் போட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால்.) 4 அணிகளாக இருந்த பிளே-ஆஃப் 2024 சீசனில் 12 ஆனது. இரண்டு சீசன் முடிவதற்குள் 16 ஆக்கலாமா, 24 ஆக்கலாமா என்ற பேச்சு கிளம்பிவிட்டது. பெரிய லீக்குகள் ஒத்துப்போகாததால் 2026 சீசனுக்கும் 12 அணிகளே என்று முடிவானது. ஆனா சண்டை முடியல.

‘காலேஜ் பசங்க ஆடுற ஆட்டத்துக்கு இவ்வளவு அலப்பறையா?’ன்னு கேட்கத் தோணும். பணத்தைப் பார்த்தா புரியும். இந்த பிளே-ஆஃபின் ஒளிபரப்பு உரிமைக்கு இஎஸ்பிஎன் 2026 முதல் 6 ஆண்டுகளுக்குக் கொடுக்கும் தொகை 780 கோடி டாலர். ஆண்டுக்கு 130 கோடி டாலர். நம்ம கணக்கில் சுமார் 11,000 கோடி ரூபாய்க்கும் மேல். ஐபிஎல் 2023-27 ஒளிபரப்பு உரிமை 5 ஆண்டுகளுக்கு 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அதாவது ஆண்டுக்கு 10,000 கோடிக்குச் சற்றுக் குறைவு. ஐபிஎல்-ல 74 ஆட்டங்கள். இங்கே 12 அணி பிளே-ஆஃபில் மொத்தமே 11 ஆட்டங்கள்!

முதல்ல சாம்பியனை எப்படித்தான் தேர்ந்தெடுத்தாங்க?

நம்ப மாட்டீங்க, ஓட்டுப் போட்டுத்தான். பத்திரிகையாளர்கள் ஒரு பட்டியல், பயிற்சியாளர்கள் ஒரு பட்டியல். இரண்டும் வேறு வேறு அணியை நம்பர் 1 என்று சொன்னால் இரண்டு சாம்பியன்கள். 1997-ல் மிச்சிகன், நெப்ராஸ்கா இரண்டுமே பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது அப்படித்தான்.

1998-ல் இதற்கு ஒரு மாற்று வந்தது. தரவரிசையில் முதல் 2 அணிகள் இறுதிப் போட்டியில் மோதும். அப்போதும் சிக்கல் தீரவில்லை. 2004 சீசனில் ஆபர்ன் பல்கலைக்கழகம் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. ஆனாலும் இறுதிப் போட்டிக்கு அழைப்பு வரவில்லை. காரணம், தோற்காத வேறு இரண்டு அணிகள் அதற்கு மேலே இருந்தன.

2014-ல் 4 அணி பிளே-ஆஃப் வந்தது. 13 பேர் கொண்ட தேர்வுக் குழு அந்த 4 அணிகளைத் தேர்ந்தெடுக்கும். 10 சீசன்கள் இப்படி ஓடியது. மொத்தம் 40 இடங்கள். அந்த 40 இடங்களைப் பிடித்தவை வெறும் 15 அணிகள். அலபாமா 8 முறை, கிளெம்சன் 6 முறை, ஒஹாயோ ஸ்டேட் 5 முறை, ஒக்லஹோமா 4 முறை. 4 பல்கலைக்கழகங்களே 23 இடங்களை எடுத்துக்கொண்டன. பெரிய லீக்குகளுக்கு வெளியே இருந்து உள்ளே வந்த சின்ன லீக் அணி அந்த 10 ஆண்டுகளில் ஒன்றே ஒன்று: 2021-ல் சின்சினாட்டி.

4 ஏன் போதவில்லை?

இரண்டு உதாரணம் போதும்.

2017-ல் சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் எல்லா ஆட்டத்தையும் ஜெயித்தது. தேர்வுக் குழு கொடுத்த இடம் 12. ‘உங்க எதிரிகள் பலமில்லாதவங்க’ என்பதுதான் பதில். அந்த அணி பிறகு வேறொரு போட்டியில் பெரிய லீக் அணியான ஆபர்னைத் தோற்கடித்தது. 13-0 என்று சீசனை முடித்து, ‘நாங்களும் தேசிய சாம்பியன்தான்’ என்று தானே அறிவித்துக்கொண்டது. பலர் சிரித்தார்கள். ஆனால் அந்த அணி கேட்ட கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை: இதுக்கு மேல நாங்க என்னதான் செய்யணும்?

2023-ல் நடந்தது இன்னும் மோசம். ஃப்ளோரிடா ஸ்டேட் பெரிய லீக் ஒன்றின் சாம்பியன். 13 ஆட்டம், 13 வெற்றி. ஆனால் அதன் முதன்மை குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் காயமடைந்திருந்தார். ‘அவர் இல்லாத அணி பழைய அணி அல்ல’ என்று சொல்லி அதை 5-வது இடத்துக்குத் தள்ளியது குழு. ஒரு தோல்வி கண்ட அலபாமா 4-வது இடத்தில் உள்ளே போனது.

உங்க ஆபீஸ்ல யோசிச்சுப் பாருங்க. வருஷம் முழுக்க டார்கெட்டை முடிச்சவருக்கு, ‘அடுத்த மாசம் நீங்க சரியா வேலை செய்ய மாட்டீங்கன்னு தோணுது’ன்னு சொல்லி ப்ரமோஷனை மறுத்தா எப்படி இருக்கும்? களத்தில் நடந்ததை வைத்து முடிவெடுக்காமல், இனி நடக்கப் போவதாக நினைத்ததை வைத்து முடிவெடுத்தார்கள். விரிவாக்கத்துக்கான மிக வலுவான வாதம் இதுதான்.

12 வந்த பிறகு என்ன ஆச்சு?

முதல் ஆண்டிலேயே ஒரு பெரிய உண்மை வெளிவந்தது. 2024 சீசனில் இறுதிப் போட்டியில் மோதியவை ஒஹாயோ ஸ்டேட்டும் நோட்டர் டேமும். 34-23 என்று ஒஹாயோ ஸ்டேட் பட்டம் வென்றது. தேர்வுக் குழுவின் இறுதிப் பட்டியலில் நோட்டர் டேம் 5-வது, ஒஹாயோ ஸ்டேட் 6-வது. பழைய முறை இருந்திருந்தால் இரண்டு அணிகளுமே வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்திருக்கும்!

2025-ல் இன்னும் சுவாரஸ்யம். மயாமி, நோட்டர் டேம் இரண்டும் 10 வெற்றி, 2 தோல்வி. கடைசிக்கு முந்தைய பட்டியலில் நோட்டர் டேம் மேலே இருந்தது. கடைசி வாரத்தில் இரண்டு அணிகளும் ஆடவே இல்லை. ஆனாலும் இறுதிப் பட்டியலில் மயாமி 10, நோட்டர் டேம் 11 என்று மாறியது. சீசன் தொடக்கத்தில் இருவரும் நேருக்கு நேர் மோதியபோது மயாமி 27-24 என்று ஜெயித்திருந்தது; அதைக் குழு கணக்கில் எடுத்துக்கொண்டது. நோட்டர் டேம் வெளியே. மயாமி கடைசி ஆளாக உள்ளே.

அந்தக் கடைசி ஆள் என்ன செய்தது தெரியுமா? டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியை அதன் சொந்த மைதானத்தில் வீழ்த்தியது. நடப்பு சாம்பியன் ஒஹாயோ ஸ்டேட்டைக் காலிறுதியில் தோற்கடித்தது. அரையிறுதியில் ஓல் மிஸ்ஸை வென்று இறுதிப் போட்டிக்கே போய்விட்டது. அங்கே இந்தியானாவிடம் 27-21 என்று, வெறும் 6 புள்ளிகளில் பட்டத்தை இழந்தது.

இந்தியானாவின் கதையும் இங்கே முக்கியம். 2023-ல் அந்த அணி 3 வெற்றி, 9 தோல்வி. 2024-ல் 12 அணி முறை வந்ததால் முதல்முறையாக பிளே-ஆஃபைப் பார்த்தது, முதல் சுற்றிலேயே தோற்றது. 2025-ல் 16-0 என்று தேசிய சாம்பியன். 2025-ல் அது நம்பர் 1, எந்த முறையிலும் உள்ளே வந்திருக்கும். ஆனால் 2024-ல் கிடைத்த அந்த முதல் வாய்ப்பு 4 அணி முறையில் கிடைத்திருக்காது.

ஆக, 13 பேர் குழு நல்லவர்கள்தான், விவரம் தெரிந்தவர்கள்தான். ஆனாலும் 5-வது அணிக்கும் 10-வது அணிக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களால் அறைக்குள் உட்கார்ந்து கணிக்க முடியவில்லை. களத்துக்கு அனுப்பினால்தான் தெரிகிறது. 4-லிருந்து 12-க்குப் போனது சரியான முடிவு என்பதற்கு இந்த இரண்டு ஆண்டுகளே சாட்சி.

எதிர்ப்பவங்க சொல்றதுல நியாயம் இல்லையா?

இருக்கு. மூன்று வாதங்களைத் தனித்தனியா பார்ப்போம்.

ஒன்று: ‘ஆட்டங்கள் ஒருதலைப்பட்சமாகிவிடும்.’ 2024-ல் முதல் சுற்றின் 4 ஆட்டங்களுமே 10 அல்லது அதற்கும் அதிகமான புள்ளி வித்தியாசத்தில் முடிந்தன. 2025-ல் சின்ன லீக் அணியான டுலேன் 41-10 என்று தோற்றது. உண்மைதான். ஆனா பெரிய அணிகள் மட்டும் என்ன செஞ்சுது? 2022 சீசனின் இறுதிப் போட்டியில், 4 அணி முறை இருந்தபோதே, ஜார்ஜியா 65-7 என்று டிசியு-வைப் பந்தாடியது. 2025 காலிறுதியில் அலபாமா 38-3 என்று இந்தியானாவிடம் சுருண்டது. மோசமான தோல்வி எந்த முறையிலும் வரும். விரிவாக்கத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

இரண்டு: ‘லீக் ஆட்டங்களுக்கு மதிப்பு போய்விடும்.’ இது கனமான வாதம். காலேஜ் ஃபுட்பாலின் அழகே ஒவ்வொரு வாரமும் வாழ்வா சாவா என்பதுதான். ஒஹாயோ ஸ்டேட்டுக்கும் மிச்சிகனுக்கும் நடக்கும் ஆட்டம் நமக்கு இந்தியா-பாகிஸ்தான் மாதிரி. 2024-ல் ஒஹாயோ ஸ்டேட் அதில் 13-10 என்று சொந்த மண்ணில் தோற்றது. பழைய காலமாக இருந்தால் சீசன் அதோடு முடிந்திருக்கும். புதிய முறையில், அடுத்த ஜனவரியில் அதே அணி கோப்பையைத் தூக்கியது. 12-ல் இந்த விலையைக் கொடுக்கலாம். நவம்பரில் கூடுதலான அணிகளுக்கு உயிருள்ள ஆட்டம் கிடைக்கிறதே. ஆனால் 24-ல்? மூன்று, நான்கு ஆட்டம் தோற்ற அணிக்கும் இடம் உண்டு என்றால் அக்டோபரில் ஒரு பெரிய ஆட்டத்தை எதற்காகப் பதற்றத்தோடு பார்க்கணும்?

மூன்று: ஆடுறவங்க உடம்பு. இந்த வாதம் டிவி விவாதங்களில் கடைசியாகத்தான் வரும். முதலில் வர வேண்டியது. இது உடம்போடு உடம்பு மோதும் விளையாட்டு. தலைக் காயங்களின் நீண்டகாலப் பாதிப்பு பற்றி அமெரிக்காவே பேசிக்கொண்டிருக்கிறது. இந்தியானா 16 ஆட்டம் ஆடித்தான் பட்டம் வென்றது. 24 அணி முறையில், முதல் சுற்றிலிருந்து ஆடி இறுதிவரை போகும் அணி பிளே-ஆஃபில் மட்டும் 5 ஆட்டம் ஆட வேண்டும். 12-ம் 5-ம் 17. தொழில்முறை லீக்கான என்எஃப்எல்-லின் வழக்கமான சீசனே 17 ஆட்டம்தான். அங்கே ஆடுபவர்களுக்குத் தொழிற்சங்கம் இருக்கிறது, ஊதிய ஒப்பந்தம் இருக்கிறது. இங்கே ஆடுபவர்கள் மாணவர்கள். 2025 ஜூலை முதல்தான் பல்கலைக்கழகங்கள் அவர்களுக்கு நேரடியாகப் பணம் தரவே அனுமதி கிடைத்தது. முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர்.

கால அட்டவணையும் ஏற்கெனவே பிதுங்கி வழிகிறது. 2025 சீசனின் இறுதிப் போட்டி 2026 ஜனவரி 19-ல் நடந்தது. ஆனால் வீரர்கள் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான காலம் ஜனவரி 2-லேயே தொடங்கிவிட்டது. ஓல் மிஸ் பிளே-ஆஃபுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, அதன் பயிற்சியாளர் லேன் கிஃபின் போட்டி அணியான எல்எஸ்யு-வுக்கு வேலைக்குப் போய்விட்டார். பரீட்சைக்கு முந்தின வாரம் வாத்தியார் பக்கத்து ஸ்கூலுக்கு மாறிப் போன மாதிரி.

அப்போ எத்தனைதான் சரி?

இதைத் தீர்மானிக்க ஒரு எளிய அளவுகோல் இருக்கு. இன்ஜினியரிங் கவுன்சலிங் கட்-ஆஃப் ஞாபகம் இருக்கா? கோடு எங்கே போட்டாலும் அதற்கு அடுத்த ஆள் அழத்தான் செய்வார். ‘யாருமே அழாத கோடு’ என்று ஒன்று கிடையாது. பார்க்க வேண்டியது, கோட்டுக்கு வெளியே நிற்கும் முதல் ஆளின் குறை எவ்வளவு நியாயமானது என்பதை.

2 அணி முறையில் வெளியே நின்றது தோல்வியே காணாத ஆபர்ன். 4 அணி முறையில் வெளியே நின்றது தோல்வியே காணாத ஃப்ளோரிடா ஸ்டேட். இரண்டுமே பெரிய அநியாயம். 12 அணி முறையின் முதல் ஆண்டில் வெளியே நின்று புலம்பியது 3 ஆட்டம் தோற்ற அலபாமா. இரண்டாம் ஆண்டில் 2 ஆட்டம் தோற்ற நோட்டர் டேம். நோட்டர் டேமுக்கு வருத்தம் இருக்கலாம். ஆனால் மயாமியை அது ஜெயித்திருந்தால் பிரச்சினையே இல்லை. அதன் விதி அதன் கையில்தான் இருந்தது. 24 அணி முறையில் வெளியே நிற்கப் போவது 4 ஆட்டம் தோற்ற ஏதோ ஒரு அணி. அதற்காக யாரும் தூக்கம் கெட்டுப்போக மாட்டார்கள்.

அதாவது, விரிவாக்கத்தின் பெரிய பலன் 12-லேயே கிடைத்துவிட்டது. 16-க்குப் போனால் கொஞ்சம் கூடுதல் பலன் இருக்கிறது. 2025-ல் அது நோட்டர் டேம், பிஒய்யு போன்ற அணிகளை உள்ளே கொண்டுவந்திருக்கும். 24-ல் கூடுவது டிவிக்கான ஆட்டங்களின் எண்ணிக்கை மட்டுமே. 11 ஆட்டம் 23 ஆட்டமாகும்.

எண்ணிக்கையை விடப் பெரிய கேள்வி: இடம் யாருக்கு?

நீங்க உண்மையில் கவனிக்க வேண்டிய இடம் இது. 2024, 2025 சீசன்களின் 12-ல், தரவரிசையில் முன்னணியில் உள்ள 5 லீக் சாம்பியன்களுக்கு இடம் உறுதியாக இருந்தது; மீதி 7 இடங்கள் பொது. இந்த 5 என்ற விதியால்தான் சின்ன லீக் அணிகளுக்குக் கதவு திறந்திருந்தது. 2024-ல் பாய்சி ஸ்டேட், 2025-ல் டுலேனும் ஜேம்ஸ் மேடிசனும் வந்தது இப்படித்தான்.

விரிவாக்கப் பேச்சில் இரண்டு பெரிய லீக்குகள் முன்னணியில் நிற்கின்றன. 18 பல்கலைக்கழகங்கள் கொண்ட பிக் டென், 16 பல்கலைக்கழகங்கள் கொண்ட எஸ்இசி. 2026 முதல் பிளே-ஆஃப் எப்படி அமைய வேண்டும் என்பதில் இந்த இரண்டின் கைதான் ஓங்கியிருக்கிறது. புதிய ஒப்பந்தத்தின் வருவாயிலும் இரண்டும் சேர்ந்து சுமார் 58% எடுத்துக்கொள்கின்றன. எஸ்இசி 16 என்கிறது, பிக் டென் 24 என்கிறது.

இதற்கு முன் பிக் டென் தரப்பு முன்வைத்த 16 அணி யோசனையைப் பாருங்க: பிக் டென்னுக்கு 4, எஸ்இசி-க்கு 4, ஏசிசி-க்கு 2, பிக் 12-க்கு 2, மற்ற எல்லா சின்ன லீக்குகளுக்கும் சேர்த்து 1, பொது இடம் 3. சீசன் தொடங்கும் முன்பே, ஒரு பந்துகூட வீசப்படும் முன்பே, இரண்டு லீக்குகளுக்குப் பாதி இடம் எழுதி வைக்கப்படும். ஒதுக்கீடுன்னா வாய்ப்பு மறுக்கப்பட்டவங்களுக்குக் கதவைத் திறப்பதுன்னுதான் நமக்குத் தெரியும். இங்கே ஏற்கெனவே உள்ளே இருக்கிறவங்க தங்களுக்கு நாற்காலி போட்டுக்கிறாங்க.

கிரிக்கெட் பார்க்கிற உங்களுக்கு இது புதுசு இல்லை. 2007 உலகக் கோப்பையில் 16 அணிகள். வங்கதேசத்திடம் தோற்ற இந்தியா முதல் சுற்றோடு ஊர் திரும்பியது. 2019-ல் உலகக் கோப்பை 10 அணிகளாகச் சுருங்கியிருந்தது. ஒவ்வொரு அணிக்கும் 9 ஆட்டம் உறுதி. பெரிய அணி ஒரே வாரத்தில் வெளியேறும் ஆபத்து போனது. அயர்லாந்தும் ஜிம்பாப்வேயும் அந்தக் கோப்பையில் இல்லை. அங்கே அணிகளைக் குறைத்துப் பெரியவர்களைப் பாதுகாத்தார்கள். இங்கே அணிகளைக் கூட்டிப் பெரியவர்களைப் பாதுகாக்கப் பார்க்கிறார்கள்.

ஆக, என்ன முடிவு?

12-க்குப் போனது நியாயம். 16-க்குப் போகலாம், மூன்று நிபந்தனைகளோடு: லீக் பெயரைப் பார்த்து இடம் எழுதி வைக்கக் கூடாது, 5 சாம்பியன்களுக்கான கதவு மூடக் கூடாது, கூடுதல் ஆட்டங்களுக்கு ஈடாக வேறு எங்காவது ஆட்டத்தைக் குறைத்து, சீசனை ஜனவரி முதல் பாதியிலேயே முடிக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் 24 என்று சொன்னால், அது பல்கலைக்கழக மாணவர்களின் முழங்காலையும் தலையையும் வைத்துக் கூடுதல் விளம்பர நேரம் விற்பதுதான்.

அடுத்த முறை இந்தச் செய்தி உங்க கண்ணில் பட்டால், தலைப்பில் இருக்கும் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு நகர வேண்டாம். 16-ஆ, 24-ஆ என்பதற்குக் கீழே, பொது இடம் எத்தனை, சின்ன லீக்குக்கு எத்தனை என்ற வரியைத் தேடிப் படிங்க. உண்மையான செய்தி அங்கேதான் இருக்கும்.